கரைக்குக் கீழே நாங்கள் இருக்கிறோம்

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரையிலும், பழைய மாமல்லபுரம் சாலையின் உட்பக்கக் கிராமங்களிலும் பண்ணை வீடு, விடுதி, மனைப்பிரிவு என்று நிலம் வாங்கி, அதற்குள் கரை கட்டித் தண்ணீர் தேக்கி வைத்திருக்கும் உரிமையாளர்களுக்கு,



சனி, ஞாயிறு தோறும் நீங்கள் எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறீர்கள். வேலிக்குள் இருக்கும் உங்கள் நீரில் பிள்ளைகள் படகு விடுகிறார்கள், பெரியவர்கள் தூண்டில் போடுகிறார்கள், சாயங்காலம் கரைமேல் நாற்காலி போட்டுக் காற்று வாங்குகிறீர்கள். எங்களுக்கு அதில் மனக்குறை எதுவும் இல்லை. மழைநீரை நிறுத்தி வைக்கிற எவரும் இந்த மண்ணுக்கு நல்லது செய்கிறவர்தான். சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊறல் கிடைக்கிறது. நான் எழுத வந்தது அந்தத் தண்ணீரைத் தாங்கி நிற்கிற கரையைப் பற்றி.

என் அப்பா எங்கள் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். கூலி, அறுவடைக் களத்தில் அளந்து கொடுக்கும் நெல். ஐப்பசி பிறந்துவிட்டால் இரவில் வீட்டில் தங்கமாட்டார். லாந்தரும் மண்வெட்டியுமாகக் கரையின் வெளிச்சரிவு அடியில் செருப்பில்லாமல் நடப்பார். காலில் சில்லென்று ஈரம் படுகிற இடத்தில் நின்றுவிடுவார். ஊறுகிற தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி லாந்தர் வெளிச்சத்தில் பார்ப்பார். தெளிந்திருந்தால் ஒரு குச்சியை நட்டு அடையாளம் வைத்துவிட்டு மேலே நடப்பார். கலங்கியிருந்தால் ஊரை எழுப்புவார். கசிவு கலங்கி வருகிறது என்றால் கரைக்குள்ளிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வருகிறது என்று பொருள். உள்ளே எலி வளை அளவுக்கு ஒரு வழி விழுந்துவிட்டது. விடிவதற்குள் அது ஆள் நுழையும் வழியாகிவிடலாம். பள்ளிக்கூடம் போகாத மனிதர் உள்ளங்கையில் செய்த இந்தச் சோதனையைத்தான் இன்றைய அணைப் பொறியாளர்களும் செய்கிறார்கள். அவர்கள் கையில் கண்ணாடிக் குடுவை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

போன ஆடி மாதம் நண்பர் ஒருவர் அழைத்ததன் பேரில் உங்கள் வளாகங்களில் ஒன்றுக்குப் போயிருந்தேன். எந்த வளாகம் என்று சொல்லப்போவதில்லை. இது ஒருவரைக் குறை சொல்வதற்கான கடிதமல்ல. மூன்று ஏக்கர் நீர்ப்பரப்பு. கரை பதினான்கு அடி இருக்கும். கரையின் உச்சியை இரண்டு அடி வெட்டி இறக்கி, அகலமாக்கி, பேவர் கல் பதித்து நடைபாதை போட்டிருந்தார்கள். ஓரமாகத் தென்னையும் வேம்பும் வரிசையாக நின்றன. விளக்குக் கம்பங்களுக்காகக் கரையை நெடுகத் தோண்டி ஒயர் புதைத்திருந்தார்கள். உபரி நீர் வெளியேற ஒரு அடி விட்டமுள்ள சிமெண்டுக் குழாய் ஒன்றே ஒன்று. வளர்க்கிற மீன் தப்பிப் போகாமலிருக்க அதன் வாயில் வலை கட்டியிருந்தது. தண்ணீரை இறக்க மதகு எங்கே என்று கேட்டேன். மோட்டார் வைத்து இறைத்துவிடலாம் என்றார்கள். கரையின் வெளிப்புற அடியில், சுற்றிலும் காய்ந்து கிடக்க, ஒரு இடம் மட்டும் கோரை அடர்ந்து பச்சையாக இருந்தது. காவலாளியிடம் காட்டினேன். "அது எப்பவுமே அப்படித்தாங்க இருக்கும்" என்றார்.

அங்கிருந்து சரிவில் கொஞ்ச தூரத்தில் ஒரு காலனி. நாற்பது வீடுகள் இருக்கும். அதற்குக் கீழே எங்கள் ஏரி.

அன்று இரவு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பார்க்கலாம். மூன்று ஏக்கர், சராசரி ஆறடி ஆழம் என்றால் ஏறக்குறைய 2 கோடியே 20 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 1,800-க்கும் மேல் கொள்கிற தண்ணீரை அந்த மண்மேடு தடுத்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. இது சாதாரண நாளில். 2015 டிசம்பர் முதல் தேதி, இப்போது நம் மாவட்டத்துக்குள் இருக்கிற தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்தக் குளத்துக்கு மேலே நீர் வடிந்து வருகிற நிலம் 60 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே மழை அங்கே பெய்து, பாதியை மண் குடித்துவிட்டாலும் மீதிப் பாதி குளத்தின் மொத்தக் கொள்ளளவைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் வந்து சேரும். முன்பே நிறைந்து நிற்கிற குளத்துக்கு இது வருகிறது. ஈரம் தோய்ந்த நிலத்தில் மணிக்கு 5 சென்டிமீட்டர் பெய்தால் அந்த 60 ஏக்கரிலிருந்து நொடிக்கு 3,000 லிட்டருக்கு மேல் ஓடிவரும். ஒரு அடிக் குழாய், வலை இல்லாமல் சுத்தமாக இருந்தாலும், நொடிக்கு 200 லிட்டர் தள்ளினால் பெரிது. மிச்சத் தண்ணீர் கரைமேல் ஏறும். கரையில் எந்த இடம் தாழ்ந்திருக்கிறதோ அங்கே வழியும். மண்கரையின்மேல் தண்ணீர் வழியத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்த எவராலும் முடியாது. பேவர் கல் முதலில் போகும், பிறகு மண் போகும், பிறகு குளம் போகும்.

எங்கள் பக்கத்து ஏரிகளுக்குக் கலங்கல் என்று ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரையைவிடத் தாழ்வாக, பல கஜ நீளத்துக்குக் கல் கட்டி, ஏரி நிறைந்தால் தண்ணீர் தானாக வழிந்து போக விட்ட வாசல் அது. ஏரி கோடி போகிறது என்று ஊரே திரண்டு பார்க்கப் போகும். அது கொண்டாட்டம் மட்டுமல்ல, கரை பிழைத்தது என்ற நிம்மதியும் அதில் உண்டு. அத்தனை பெரிய வாசலை எதற்காக விட்டார்கள் என்பதற்கு மேலே உள்ள கணக்குதான் விடை.

பொழுதுபோக்குக்காகத் தேக்கிய தண்ணீர் என்ன செய்யும் என்பதற்கு உலகம் மறக்காத ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து மலையில் சவுத் ஃபோர்க் என்று ஒரு பழைய மண் அணை. 72 அடி உயரம். பிட்ஸ்பர்க் நகரத்துச் செல்வந்தர்கள் சேர்ந்து மீன்பிடிக்கவும் வேட்டையாடவும் ஒரு சங்கம் வைத்து 1879-இல் அதை வாங்கினார்கள். எஃகு அதிபர் ஆண்ட்ரூ கார்னகியும் உறுப்பினர். அடியில் தண்ணீர் இறக்குவதற்கு இருந்த இரும்புக் குழாய்களை முந்தைய உரிமையாளர் பிடுங்கி விற்றிருந்தார். சங்கம் அவற்றைத் திரும்பப் போடவில்லை. இரண்டு குதிரை வண்டிகள் எதிரெதிரே போக வேண்டும் என்று கரையின் உச்சியை வெட்டி இறக்கினார்கள். காசு கொடுத்து வாங்கி விட்ட மீன் ஓடிவிடக் கூடாது என்று உபரிநீர் வாயில் கம்பித் தடுப்பு வைத்தார்கள். கீழே இருந்த ஜான்ஸ்டவுன் நகரத்து இரும்பாலை 1880-இல் தன் பொறியாளரை அனுப்பிப் பார்த்தது. அவர் அணையின் குறைகளை எழுதிக் கொடுத்தார். ஆபத்து ஒன்றுமில்லை என்று சங்கம் பதில் எழுதியது. 1889 மே 31-ஆம் தேதி, பெருமழையில் கம்பித் தடுப்பைக் குப்பையும் கிளைகளும் அடைத்துக்கொள்ள, தண்ணீர் கரைமேல் ஏறி அணை உடைந்தது. இறந்தவர்கள் 2,209 பேர். சங்கத்தின்மேல் போட்ட வழக்குகளில் ஒருவருக்கும் நஷ்டஈடு கிடைக்கவில்லை.

இறக்குவதற்கு வழியில்லாதது, உச்சியை வெட்டி அகலப்படுத்தியது, மீனுக்குப் போட்ட தடுப்பு. இந்த மூன்றையும் போன ஆடியில் ஒரே கரையில் நான் பார்த்தேன். உங்கள் கரை 72 அடி இல்லை, தெரியும். கீழே இருக்கிற காலனியும் ஒரு நகரம் இல்லை. நாற்பது வீட்டை அடித்துக்கொண்டு போக 2 கோடி லிட்டர் போதும்.

இது வெள்ளைக்காரர் நாட்டு விஷயம், நூறு வருஷத்துக்கு முந்தையது என்று நினைக்க வேண்டாம். கென்யாவில் சோலாய் என்ற ஊரில், ஒரு தனியார் பண்ணைக்குள் இருந்த அணை 2018 மே 9-ஆம் தேதி இரவு உடைந்தது. 47 பேருக்குக் குறையாமல் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஜூலை 2-ஆம் தேதி மகாராஷ்டிரத்தில் ரத்னகிரி மாவட்டத்துத் திவரே அணை உடைந்து சுமார் இருபது பேர் போனார்கள். அது அரசு அணை. கரை கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே சொல்லியிருந்தார்கள். உடைந்த பிறகு, நண்டு வளைதான் காரணம் என்று ஓர் அமைச்சர் சொன்னார். நாடே அவரைக் கேலி செய்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நண்டு வளை கரையை உடைக்கும் என்பது நீர்க்கட்டி வீட்டில் பிறந்த எவருக்கும் தெரியும். அந்த வளையைத் தோண்டி, களிமண் போட்டுக் கெட்டிக்க அங்கே ஒரு ஆள் ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. உங்களிடம் கேட்பதும் அதையேதான்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிட முடியாது. 2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேல் உயரமுள்ள அணைகளுக்கானது. 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவை மட்டும் அதில் வரும். பதினான்கு அடிக் கரையை அந்தச் சட்டப்படி ஆய்வு செய்ய எந்த அதிகாரியும் வரப்போவதில்லை. ஆனால் உடைந்த பிறகு நீதிமன்றம் வரும். இங்கிலாந்தில் ஒரு ஆலை அதிபர் தன் நிலத்தில் கட்டிய நீர்த்தேக்கத்திலிருந்து தண்ணீர் பக்கத்துச் சுரங்கத்துக்குள் புகுந்தது. கட்டியது ஒப்பந்தக்காரர்கள், அதிபர் மேல் நேரடியான கவனக்குறைவு எதுவும் இல்லை. ஆனாலும், ஆபத்தானதைத் தன் நிலத்தில் கொண்டுவந்து சேர்த்தவரே பொறுப்பு என்று 1868-இல் தீர்ப்பானது. சட்டம் படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் இன்றும் படிக்கிற வழக்கு அது.

அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து நம் பக்கத்து வழக்கு ஒன்று லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. கார்வேட்டிநகரம் ஜமீனில் இரண்டு ஏரிகள் பெருமழையில் உடைந்து ரயில் பாலங்களை அடித்துக்கொண்டு போயின. மதராஸ் ரயில்வே கம்பெனி ஜமீன்தார்மேல் வழக்குப் போட்டது. கம்பெனி தோற்றது. ஏரிகள் நெடுங்காலமாக இருப்பவை, மக்களின் பிழைப்புக்கு இன்றியமையாதவை, அவற்றைக் காப்பது ஜமீன்தாரின் கடமை. அவர் கவனக்குறைவாக இருந்தார் என்று நிரூபித்தால் ஒழியப் பொறுப்பாக்க முடியாது என்றார்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இது. ஏரி என்பது ஊரின் சொத்து என்று கடல் தாண்டியிருந்த நீதிபதிகளுக்கும் புரிந்திருக்கிறது. ஆனால் உங்கள் குளத்துக்கு அந்தச் சலுகை கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். அதை நம்பி ஒரு குழி நிலமும் விளையவில்லை.

ஏரிக்கும் உங்கள் குளத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடும் இதில்தான் இருக்கிறது. ஏரியைச் சார்ந்து ஆயக்கட்டு இருக்கிறது. கரை உடைந்தால் தன் நெல் போகும் என்று அறிந்தவன் நள்ளிரவில் கூப்பிட்டாலும் மண்வெட்டியோடு ஓடிவருவான். பக்கத்து உத்திரமேரூரில் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, முதலாம் பராந்தகன் காலத்தில், குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். கோயில் சுவரில் வெட்டி வைத்திருக்கிறது. தேர்தல் முறையைக் காட்டத்தான் எல்லோரும் அந்தக் கல்வெட்டைப் பேசுகிறார்கள். ஒரு ஏரிக்கு ஆறு பேர் பதில் சொல்ல வேண்டியிருந்தது என்பது எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது.

மதுராந்தகம் ஏரி காத்த ராமர் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அடிக்கடி உடைந்துகொண்டிருந்த கரையைப் பழுது பார்த்த கலெக்டர் லயனல் பிளேஸ், 1798 வாக்கில் ஒரு மழை இரவில், ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நிற்கக் கண்டார் என்று சொல்வார்கள். பக்தியோடு கேட்டு வளர்ந்தவன் நான். என் அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போது ஒரு வரியை எப்போதும் அழுத்திச் சொல்வார்: அந்த மழையில் கலெக்டரே கரைக்குப் போனாரடா.

உங்கள் கரைக்கு அப்படி யார் போகிறார்கள்? மழை எச்சரிக்கை வந்தால் நீங்கள் சென்னையிலேயே தங்கிவிடுகிறீர்கள். அது இயல்புதான். காவலாளி ஒருவர் இருக்கிறார், வெளியூர்க்காரர், கரையைப் பற்றி அவருக்கு எவரும் எதுவும் சொல்லித்தரவில்லை. 2022 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில்தான் கரையேறியது. மரங்கள் வேரோடு சாய்ந்தன, மின்சாரம் இல்லை. அன்றைக்கு உங்கள் மோட்டார் எப்படி ஓடியிருக்கும்? கரைமேல் நிற்கிற வேம்பு சாய்ந்தால் வேரோடு ஒரு வண்டி மண்ணைப் பெயர்த்துக்கொண்டுதான் சாயும். பெயர்ந்த இடம் நீர்மட்டத்துக்குச் சமமாக இருந்தால் அதன்பின் சொல்ல என்ன இருக்கிறது?

கரைக்குக் கீழே வசிக்கிறவன் என்ற உரிமையில் சிலவற்றைக் கேட்கிறேன். முதலாவது, கலங்கல். ஒற்றைக் குழாயை நம்பாதீர்கள். நீர்வளத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர்கள் செங்கல்பட்டிலேயே இருக்கிறார்கள். ஒருவரை அழைத்து வாருங்கள். மேலேயிருந்து வடிந்து வரும் நிலம் எவ்வளவு என்று அளந்து, அதற்கேற்ற அகலத்தில் கல்லால் திறந்த கலங்கல் கட்டச் சொல்லுங்கள். வழிகிற நீர் கரையின் காலை அரிக்காமல் ஓடையில் போய்ச் சேர ஒரு போக்குக் கால்வாயும் வேண்டும். குளமே ஓடையை மறித்துக் கட்டியதாக இருந்தால் அது வேறு விஷயம். கிராம வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், ஓடைப் புறம்போக்கு உங்கள் பட்டாவில் சேராது.

அடுத்தது கரையின் மட்டம். புதுக் கரை முதல் சில ஆண்டுகளில் தணியும். எல்லா இடத்திலும் ஒரே அளவாகத் தணியாது. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவலே போதும், நெடுகப் பிடித்துப் பார்த்துத் தாழ்ந்த இடங்களை மண் கொட்டிக் கெட்டிப்படுத்துங்கள். எலி வளையையும் நண்டு வளையையும் வாயில் மட்டும் அடைப்பது வீண். கடைசி வரை தோண்டி, ஈரக் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடிக்க வேண்டும். கரைமேல் இனி மரம் நடாதீர்கள். நின்றுவிட்ட பெரிய மரங்களை நாளைக்கே வெட்டிவிடவும் வேண்டாம்; வெட்டினால் வேர் உள்ளே மக்கி, அந்த இடம் குழாய் போலாகும். எதை எடுப்பது, எடுத்த குழியை எப்படி நிரப்புவது என்று பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். புல் போதும், அருகம்புல்லைவிட நல்ல காவல் மண்கரைக்கு வேறில்லை. தண்ணீரை இறக்க ஒரு மதகு வையுங்கள், மின்சாரத்தை நம்பாத மதகாக. புரட்டாசிக் கடைசியில் இரண்டு மூன்று அடி இறக்கி வைத்தால் முதல் பெருமழையை அந்த இடம் வாங்கிக்கொள்ளும். படகு விடுகிற இடத்தில் ஆழப் பலகையும், கையெட்டும் தூரத்தில் கயிறும் மிதவையும் இருக்கட்டும். கல்குவாரிக் குட்டைகளில் பிள்ளைகளை இழந்த மாவட்டம் இது.

கடைசியாக ஒன்று, செலவே இல்லாதது. எங்களோடு பேசுங்கள். உங்கள் வளாகத்தில் ஒருவரைக் கரைக்குப் பொறுப்பாக வையுங்கள். அவருடைய எண்ணைக் கீழ் ஊர்களின் ஊராட்சித் தலைவரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் கொடுங்கள், எங்கள் எண்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். இந்தப் பகுதியின் நீர்நிலைகள் ஒன்றின் உபரி இன்னொன்றில் விழும்படி சங்கிலியாக அமைந்தவை. மேலே உள்ளது உடைந்தால் கீழே உள்ளதும் தாங்காமல் போகலாம். கரையில் சந்தேகம் வந்த நிமிடமே, உறுதிப்படுத்திக்கொண்டு சொல்லலாம் என்று காத்திருக்காமல், எங்களைக் கூப்பிடுங்கள், மாவட்ட அவசர உதவி எண் 1077-க்கும் சொல்லுங்கள். பொய்யான எச்சரிக்கைக்காக ஒரு இரவு பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொள்ள எங்களுக்கு வருத்தம் இல்லை. சவுக்குக் கட்டையும் மணல் மூட்டையும் நீங்கள் சேர்த்து வைத்திருந்தால் எங்கள் ஆட்கள் வருவார்கள். உடைப்பு அடைக்கத் தெரிந்த கைகள் இந்த ஊரில் இன்னும் மிச்சம் இருக்கின்றன. உங்கள் காவலாளிக்குச் சொல்லித்தரவும் ஆள் இருக்கிறது. வெளிச்சரிவு அடியில் எப்படி நடப்பது, ஊறுகிற நீரை எப்படி ஏந்திப் பார்ப்பது என்று நானே வந்து காட்டுகிறேன்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கிவிடும். கலங்கல் கட்ட ஒரு கோடை தேவைப்படலாம், மதகு வைக்க இன்னொன்று. அதுவரை பொறுத்துக்கொள்கிறோம். குழாய் வாயில் கட்டியிருக்கிற மீன் வலையை மட்டும் இந்த வாரமே அவிழ்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கீழ் ஊர்க்காரன் ஒருவன்